தண்டியடிகள் கட்டிய கயிறு

சிவமயம்

(எமது ஆலய மகோற்சவத்தின் ஆறாந் திருவிழா இரவில் நிகழ்த்தப்பட்ட சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மெய்யன்பர்களே,

எங்கள் ஊரைக் காத்து நிற்கும் பிள்ளையாரின் திருவுருவத்தை நாம் நாள்தோறும் தரிசிக்கின்றோம். அவருக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கின்றது. அதனை ஒரு குறையென்று நம்மில் எவரேனும் சொன்னதுண்டா? இல்லை. ஏகதந்தர் என்று சொல்லிப் பூவெடுத்து அருச்சிக்கின்றோம். வியாச முனிவர் சொல்லச் சொல்லப் பாரதத்தை எழுதுவதற்காகத் தம் கொம்பையே ஒடித்து எழுத்தாணியாக்கினார் என்று பிள்ளைகளுக்குப் பெருமையோடு கதை சொல்லுகின்றோம். மூலஸ்தானத்து மூர்த்தியின் ஒடிந்த கொம்பைப் போற்றுகின்ற நாங்கள், வாசலில் வந்து நிற்கும் அடியவரின் ஊன்றுகோலைக் கண்டவுடன் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகின்றோம். இதைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

இதற்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. நமது பெரியபுராணமே வழிகாட்டுகின்றது. அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவர் தண்டியடிகள் நாயனார். திருவாரூரிலே பிறந்தவர். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். தியாகேசப் பெருமானின் திருக்கோயிலை வலம்வருவதும் திருவைந்தெழுத்தை ஓதுவதுமே அவருடைய வாழ்க்கை.

திருவாரூர்க் கோயிலின் மேற்குப் பக்கத்திலே இருக்கின்ற திருக்குளம் அந்நாளில் தூர்ந்து, இடம் குறுகிப் போயிருந்தது. ஊரிலே கண்ணுள்ளவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். நாள்தோறும் அந்தக் குளத்தைக் கண்டுகொண்டு போனார்கள். ஆனால் அதைத் தோண்டி அகலமாக்க வேண்டும் என்ற எண்ணம் உதித்தது கண்ணில்லாத இந்த அடியவருக்குத்தான். சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையிலே தண்டியடிகளை வணங்கும்போது அவரைக் குருடர் என்று சொல்லவில்லை. நாட்டம் மிகுந்தவர் என்று சொல்லுகின்றார். நாட்டம் என்ற சொல்லுக்குக் கண் என்றும் பொருள், விருப்பம் என்றும் பொருள். கண்ணில்லாத ஒருவரைக் கண் மிகுந்தவர் என்று அழைக்கிறது நமது திருமுறை. இதைவிட மரியாதையான ஒரு சொல்லை எந்த அரசாங்கச் சுற்றறிக்கையிலும் நாம் காணமுடியாது.

சரி, குளத்தைத் தோண்டவேண்டும் என்று அடிகள் நினைத்துவிட்டார். பார்வையில்லாதவர் எப்படித் தோண்டுவது? தோண்டிய மண்ணைக் கூடையிலே எடுத்துக்கொண்டு கரைக்கு எப்படி வருவது? வந்த வழியே திரும்ப எப்படிப் போவது? இந்த இடத்தைத்தான் நீங்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். "பெருமானே, எனக்கு முதலிற் கண்ணைத் தா, பிறகு உன் குளத்தைத் தோண்டுகின்றேன்" என்று அவர் சொல்லவில்லை. குளத்தின் உள்ளே தோண்டும் இடத்தில் ஒரு தறியை நட்டார். கரையிலே இன்னொரு தறியை நட்டார். இரண்டுக்கும் இடையில் ஒரு கயிற்றைக் கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டு இறங்குவார், மண்ணை வெட்டுவார், கூடையைச் சுமந்து கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறுவார், கொட்டிவிட்டு மறுபடியும் இறங்குவார். அவ்வளவுதான். இரண்டு தறி, ஒரு கயிறு. கண்ணுள்ளவன் செய்கின்ற வேலையைக் கண்ணில்லாதவர் செய்துகொண்டிருந்தார்.

அவ்வூரில் இருந்த சமணர்கள் அதனைப் பொறுக்கவில்லை என்று சேக்கிழார் பெருமான் சொல்லுகின்றார். மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் இறக்கும் என்றார்கள். அடிகள் கேட்கவில்லை. உனக்குக் கண்தான் இல்லை, காதும் இல்லாமற் போயிற்றா என்று ஏளனம் செய்தார்கள். அதோடும் விடவில்லை. மண்வெட்டியையும் கூடையையும் பறித்தார்கள். நட்டிருந்த தறிகளைப் பிடுங்கிக் கயிற்றையும் அறுத்தெறிந்தார்கள்.

அந்தக் காலத்துச் சமயப் பூசலின் சாயல் இக்கதையில் உண்டு. எந்தச் சமயத்தவரையும் இகழ்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. கயிறு இருந்தபோது தண்டியடிகள் ஒரு தொண்டர். கயிற்றைப் பிடுங்கிய பிறகு அவர் கரையிலே நிற்கும் ஒரு குருடர். இடையிலே அவருடைய கண்ணில் ஏதாவது மாற்றம் உண்டானதா? இல்லை. கயிறு இருந்தபோதும் பார்வை இல்லை. கயிறு போனபோதும் பார்வை இல்லை. அவரை வேலை செய்யமுடியாதவர் ஆக்கியது அவருடைய கண் அல்ல. கயிற்றைப் பிடுங்கிய கைதான்.

பின்பு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அடிகள் கோயில் வாசலிலே விழுந்து முறையிட்டார். பெருமான் அவர் கனவிலும் சோழ மன்னன் கனவிலும் தோன்றி அருளினார். மன்னன் முன்னிலையில், திருவைந்தெழுத்தை ஓதிக் குளத்தில் மூழ்கிய அடிகள் பார்வை பெற்று எழுந்தார். பார்வை பெற்றபின்பும் அவர் சும்மா இருக்கவில்லை. எடுத்த திருப்பணியை முடித்தார். சொற்பொழிவுகளில் நாங்கள் வழக்கமாகப் பேசுவது இந்த அற்புதத்தைத்தான். நானும் எத்தனையோ மேடைகளில் அப்படித்தான் பேசியிருக்கின்றேன். ஆனால் கண் கொடுப்பது சிவபெருமானின் கையிலே உள்ள காரியம். கயிறு கட்டுவது நமது கையிலே உள்ள காரியம். அவருடைய காரியத்தைப் பற்றி நாங்கள் மணிக்கணக்காகப் பேசுகின்றோம். நம்முடைய காரியத்தை மறந்துவிட்டோம்.

பெருமானே கயிற்றை மறக்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்று சொல்லுகின்றேன். சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியாருக்குச் செய்த சபதத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுப் புறப்பட்டார். இரு கண்களும் பார்வை இழந்தன. தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் என்ற தலத்துக்கு வந்து முறையிட்டார். அங்கே பெருமான் பார்வையைக் கொடுக்கவில்லை. ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தார். அதன்பின்பு காஞ்சிபுரத்திலே இடக்கண். கடைசியாகத் திருவாரூரிலே வலக்கண். கண் கொடுக்க வல்ல கடவுள் முதலில் கொடுத்தது கோல். பார்வை வரும்வரைக்கும் அடியவன் ஓரிடத்திலே முடங்கிக் கிடக்கக்கூடாது, அவன் நடக்கவேண்டும், தலங்களைத் தரிசிக்கவேண்டும், பாடவேண்டும் என்பது பெருமானின் திருவுளம். அந்தத் தலத்துச் சுவாமிக்கு ஊன்றீசுவரர் என்றே பெயர். ஊன்றுகோல் கொடுத்ததைத் தம் திருப்பெயராகவே ஏற்றுக்கொண்ட கடவுள் நமது கடவுள்.

இங்கே சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழும். "இதெல்லாம் அவரவர் வினைப்பயன் அல்லவா? முற்பிறப்பிலே செய்ததை இப்பிறப்பிலே அனுபவிக்கின்றார்கள். நாங்கள் என்ன செய்யமுடியும்?" ஒரு தாயின் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லப்பட்டதை நான் என் காதாலே கேட்டிருக்கின்றேன். அந்தத் தாய் அதன்பின் பலகாலம் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுவரவில்லை.

சைவசித்தாந்தம் வினை உண்டு என்றுதான் சொல்லுகின்றது. ஆனால் அதை முழுவதும் கேட்கவேண்டும். ஆணவ மலத்தாலே மறைப்புண்டு கிடக்கும் உயிர்கள் எல்லாவற்றுக்கும் இறைவன் இரக்கங்கொண்டு தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கையும் கொடுக்கின்றான். தனு என்பது உடம்பு. கரணம் என்பது மனம் முதலிய கருவிகள். புவனம் என்பது உயிர் வாழும் இடம். போகம் என்பது நுகர்ச்சி. உடம்பு உயிருக்குத் தண்டனைச்சாலை அல்ல. அது உயிர் கடைத்தேறுவதற்கு இறைவன் கொடுத்த உதவி. நல்ல காலுள்ள உடம்பும் உதவிதான். காலில்லாத உடம்பும் உதவிதான். பிராரத்தம் இல்லாமல் இங்கே உடம்பெடுத்து வந்தவர் எவரும் இல்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் நாம் அத்தனை பேரும் வினை அனுபவிக்க வந்தவர்கள்தாம். அப்படியிருக்க, மற்றவருடைய கணக்கை வாசிக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது?

இன்னும் ஒன்று. பிராரத்தம் என்பது முன்பு செய்ததன் பயன். ஆகாமியம் என்பது இப்பொழுது நாம் செய்து ஏற்றிக்கொள்ளும் வினை. அந்தப் பிள்ளையின் பிராரத்தம் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளையைப் படிக்கு வெளியே நிறுத்திவைத்தால் அது என்னுடைய ஆகாமியம் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். தனுவைக் கொடுத்தவன் இறைவன். ஆனால் புவனத்திலே படியைக் கட்டியவர்கள் நாங்கள். மதிலைக் கட்டியவர்கள் நாங்கள். இறைவன் கொடுத்த உடம்புக்கு நாங்கள் கட்டிய இடம் பொருந்தவில்லையென்றால், குற்றம் உடம்பிலா, இடத்திலா?

வள்ளுவப் பெருந்தகையும் ஆள்வினையுடைமை அதிகாரத்திலே, பொறியில்லாமை எவருக்கும் பழியாகாது, அறியவேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்ற கருத்தைச் சொல்லியிருக்கின்றார். பொறி என்பதற்கு ஊழ் என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். உடலுறுப்பு என்று பொருள் கொள்வாரும் உளர். எப்படிக் கொண்டாலும் பழி முயலாதவனுக்கே. இந்த இடத்திலே முயலாதவர்கள் அவர்களல்லர், நாங்கள்.

இப்பொழுது நமது கோயிலுக்கு வருவோம்.

நமது கோயில் வாசலில் மூன்று படிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை அடி. மொத்தம் ஒன்றரை அடி உயரம். இளைஞர்கள் அதை ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடுவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் வீதியோரத்து வேப்பமர நிழலிலே ஒரு சக்கர நாற்காலி நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தாய் ஒருவர் தம் மகளைத் தள்ளிக்கொண்டு வருவார். தீபாராதனை மணி கேட்டதும் அந்த மகள் அங்கிருந்தபடியே கைகூப்புவாள். விபூதியைத் தாய் உள்ளே போய் வாங்கிவந்து பூசிவிடுவார். இப்படியே பல வருடங்கள்.

நமது பிள்ளைகள் கல்நெஞ்சர்கள் அல்லர். "அம்மா, நாங்கள் தூக்கிவிடுகின்றோம்" என்று மூன்று நான்கு பேர் ஓடிவந்து கதிரையோடு தூக்கியிருக்கின்றார்கள். ஒருநாள் ஒருவரின் பிடி நழுவிக் கதிரை சரிந்தது. அடிபடவில்லை, ஆனால் அன்றோடு அந்தப் பெண் தன்னைத் தூக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் பின்பு கேட்டபோது அவள் சொன்னாள்: "ஐயா, எல்லாரும் திரும்பிப் பாக்கினம். நான் பிள்ளையாரைப் பாக்க வந்தனான், என்னைப் பாக்கிறதுக்கு எல்லாரும் வந்த மாதிரிக் கிடக்குது." நாங்கள் செய்தது உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவள் வேண்டியது தன்பாட்டிலே வந்து தன்பாட்டிலே கும்பிட்டுவிட்டுப் போகும் வழியை. தூக்குகின்ற கை நாலு பேர் இருக்கும்போது மட்டும் கிடைக்கும். வழி எந்நேரமும் இருக்கும். தண்டியடிகளும் தம்மைக் கைபிடித்து நடத்த ஆளைத் தேடவில்லை, கயிற்றைக் கட்டினார்.

ஆகமத்துக்கு விரோதமாகாதா என்று கேட்பீர்கள். கர்ப்பக்கிருகத்தினுள்ளும் அர்த்தமண்டபத்தினுள்ளும் யார் போகலாம் என்பதை எவரும் மாற்றச் சொல்லவில்லை. நாமெல்லோரும் நின்று கும்பிடும் இடம்வரைக்கும் வருவதைத்தான் கேட்கின்றோம். கோபுர வாசலையும் இடிக்கவேண்டியதில்லை. தெற்கு வாசற் பக்கத்திலே ஒரு சாய்வுப் பாதை போதும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. ஆகவே நமது ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். இதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் தள்ளுகின்ற தாய்க்கும் முடியாது, இறங்கும்போது ஆபத்தும் உண்டு. அகலம் மூன்றடிக்குக் குறையக்கூடாது. மேலே நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விடவேண்டும். இரு பக்கமும் கைபிடி வேண்டும். மினுமினுக்கும் தரையோடு பதிக்கக்கூடாது. எண்ணெயும் தண்ணீரும் பட்டால் நல்ல காலுள்ளவரும் விழுவார். சக்கரம் தெருவிலே உருண்டு வந்ததாயிற்றே என்றால், நாம் கால் கழுவுகின்ற இடத்தில் சக்கரத்தையும் கழுவலாம். அல்லது கோயிலுக்கென்று ஒரு நாற்காலியை வாங்கி உள்வீதிப் பாவனைக்கென்றே வைத்துக்கொள்ளலாம். மேசன் ஒருவரைக் கொண்டு அளந்து பார்த்தேன். ஒருநாள் திருவிழாவின் வாணச் செலவுக்குள் அடங்கிவிடும் என்றார்.

தேர்த் திருவிழாவுக்கு ஒரு கிழமைக்கு முன்பே நாம் வீதியில் இறங்கிவிடுகின்றோம். தேர்ச்சில்லு புதையக்கூடாது, கல்லில் இடறக்கூடாது என்று மேடு பள்ளத்தையெல்லாம் நிரவுகின்றோம். சில்லிலே வருகின்ற சுவாமிக்கு வழி செய்யத் தெரிந்த ஊர், சில்லிலே வருகின்ற அடியவருக்கு வழி செய்யத் தெரியாத ஊராகுமா? அதுமட்டுமல்ல, சுவாமி ஏன் வீதிக்கு எழுந்தருளுகின்றார்? கோயிலுக்குள்ளே வரமுடியாத முதியவர், நோயாளர் எல்லோருக்கும் தாமே தேடிச்சென்று காட்சி கொடுப்பதற்காக என்று நாம் சொல்லிவருகின்றோம். வாசலைத் தாண்டி அவர் வெளியே வருகின்றார். அவர்களை உள்ளே வரவிடாமல் நிற்பது வாசலிலே நாம் வைத்த படி. திருமூல நாயனார் அடியவர்களை நடமாடும் கோயில்கள் என்றார். அந்தக் கோயில்களுக்குக் கொடுப்பது பெருமானையே சேரும் என்றார். நடக்கமுடியாத அடியவரும் அந்தக் கோயிலில் சேர்ந்தவர்தாம்.

படி மட்டுந்தானா தடை? நீண்ட யுத்தத்திலும் மிதிவெடியிலும் கால் இழந்தவர்கள் நமது மண்ணில் ஊருக்கு ஊர் இருக்கின்றார்கள். செயற்கைக் காலோடு வந்த ஒருவரை, அதைச் செருப்பென்று எண்ணிக் கழற்றிவைத்துவிட்டு வரும்படி சொன்ன கதையும் நடந்ததுண்டு. செருப்பைக் கழற்றச் சொல்லலாம். காலைக் கழற்றச் சொல்லலாமா? அன்னதானப் பந்தியிலே நிலத்தில் சம்மணம் கொட்டி இருக்க முடியாதவர்கள் பசியோடு வீடு திரும்புகின்றார்கள். ஓரத்திலே நாலு கதிரையும் ஒரு மேசையும் போட்டால் என்ன குறைந்துவிடும்? காது கேளாதவர்கள் இந்தச் சொற்பொழிவிலே என் வாயசைவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள். சொற்பொழிவின் சாரத்தை ஒரு தாளிலே அச்சிட்டுக் கொடுத்தால் அவர்களும் கேட்டவர்கள் ஆவார்கள். பார்வையற்றவர் பிடித்துவரும் வெள்ளைப் பிரம்பை வாசலில் வாங்கிவைக்காதீர்கள். அது அவருடைய கண், திருவெண்பாக்கத்துக் கோல்.

இது யாரோ நாலு பேருடைய காரியம் என்றும் எண்ணவேண்டாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமாக உள்ளோரில் 8.7 வீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல் முதலியவற்றில் ஏதோவொரு சிரமம் உடையவர்கள் என்று கணக்கிடப்பட்டது. ஆயிரம் பேருக்கு 87 பேர். மேலும், நாம் எல்லோரும் முதுமையை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவர்கள். இன்று அந்தப் பெண்ணுக்காகக் கட்டும் பாதையில் நாளைக்கு ஏறப்போவது நானும் நீங்களுந்தான். எனக்கு இப்பொழுதே முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது.

கோயிலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. நான் முப்பது வருடங்களுக்கு மேல் ஆசிரியத் தொழில் பார்த்தவன். 1981ஆம் ஆண்டு தை மாதம், ஒரு தகப்பனார் தம் மகனை ஈருருளியில் ஏற்றிக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் சூம்பிய பிள்ளை. கணிதத்தில் நல்ல கெட்டிக்காரன். ஏழாம் வகுப்புவரை படித்துவிட்டான். எட்டாம் வகுப்பு மேல்மாடியில். நான்தான் அந்த வகுப்பாசிரியர். "மாடிப்படி ஏறி இறங்குவது பிள்ளைக்குக் கஷ்டம். இந்த வருடம் வீட்டிலே இருக்கட்டும், அடுத்த வருடம் பார்ப்போம்" என்று சொன்னேன். பிள்ளையின் நன்மைக்காகவே சொல்லுகின்றேன் என்றுதான் அன்று நினைத்தேன். தகப்பனார் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வருடம் அவர் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

அந்தப் பிள்ளை பின்பு வானொலி திருத்தும் தொழிலைத் தானாகவே பழகி, கடை வைத்து, கலியாணம் செய்து, தன் பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கினார். சில வருடங்களுக்கு முன்பு தேர்த் திருவிழா அன்று தமது மூன்றுசில்லு வண்டியில் வீதியோரம் இருந்தவரிடம் போய்ப் பேசினேன். என்னைக் கண்டதும் கைகூப்பினார். பழைய கதை வந்தது. கோபமில்லாமல், சிரித்துக்கொண்டுதான் கேட்டார்: "சேர், அந்த எட்டாம் வகுப்பைக் கீழை இறக்கியிருக்கேலாதோ?"

மெய்யன்பர்களே, எனக்கு மறுமொழி வரவில்லை. கீழே மூன்று வகுப்பறைகள் இருந்தன. ஒரு வகுப்பை மேலே ஏற்றி, எட்டாம் வகுப்பைக் கீழே இறக்குவதற்கு அரை நாள் போதும். மேசை கதிரைகளைத் தூக்கிவைக்க மாணவர்களே இருந்தார்கள். ஒரு சதமும் செலவில்லை. எனக்கு அந்த எண்ணமே தோன்றவில்லை. அந்தப் பிள்ளையின் காலைப் பார்த்தேன், மாடிப்படியைப் பார்த்தேன், வகுப்பறையை மாற்றலாம் என்பதைப் பார்க்கவில்லை. கண்ணிருந்தும் காணாதவன் நான். தண்டியடிகளின் கயிற்றைப் பிடுங்கியவர்களைப் பற்றி ஊர் ஊராகப் பேசியவன், ஒரு கயிற்றை நானே பிடுங்கியிருந்தேன்.

இந்த மண்டபத்தில் இன்றைய ஆசிரியர்கள், அதிபர்கள் இருக்கின்றீர்கள். கைதடியில் நவீல்ட் பாடசாலையும், சுன்னாகத்தில் வாழ்வகமும் செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்குச் செய்துவரும் தொண்டை நாம் அறிவோம். அவர்களைப் போற்றவேண்டும். ஆனால் அவை இருக்கின்றன என்பதைச் சாட்டாக வைத்து நமது ஊர்ப் பாடசாலையின் வாசலை மூடக்கூடாது. ஒரு பிள்ளை வந்தால், "இந்தப் பிள்ளையால் ஏறமுடியுமா?" என்று கேட்பதற்கு முன்பு, "இந்த வகுப்பைக் கீழே இறக்கலாமா?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள்.

தொழில் கொடுப்போருக்கும் புராணத்திலே ஒரு பாடம் இருக்கின்றது. சூரிய பகவானின் தேரை ஓட்டுகின்ற அருணன் யார்? தாயாகிய வினதை பொறுமையிழந்து முட்டையை முன்கூட்டியே உடைத்ததனால் இடுப்புக்குக் கீழே உடல் நிறைவடையாமற் பிறந்தவன். தொடையில்லாதவன் என்ற பொருளில் அனூரு என்றே அவனுக்குப் பெயர். நடக்க முடியாதவன். அவனுக்குக் கிடைத்த உத்தியோகம் என்ன? உலகத்துக்கு வெளிச்சம் கொண்டுவரும் தேரின் சாரதி. தேரோட்டுவதற்கு வேண்டியது இருக்கை, கடிவாளம், கைவன்மை. கால் வேண்டியதில்லை. சூரியன் அவனிடம் இல்லாததைக் கேட்கவில்லை. இருப்பதற்கேற்ற பொறுப்பைக் கொடுத்தான். இரக்கப்பட்டு ஒரு மூலையில் இருத்திச் சோறு போடவில்லை. அருணோதயம் என்று நாம் நாள்தோறும் விடியலுக்கு அவன் பெயரையே சொல்லுகின்றோம். கடை, சங்கம், கந்தோர் நடத்துபவர்களே, உங்களிடம் ஒருவர் வேலை கேட்டு வந்தால் அவரது காலையோ கண்ணையோ பார்க்காமல் அந்த வேலைக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்லுகின்றது. அரசாங்கத் தொழில்களில் 3 வீதத்தை ஒதுக்கவேண்டும் என்று 1988ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், தொழிலுக்கோ கல்விக்கோ பொது இடத்துக்கோ வருகின்ற எவரையும் உடற்குறை காரணமாகப் பாரபட்சம் காட்டித் தடுக்கலாகாது என்கின்றது. பொதுக் கட்டிடங்களில் அவர்கள் உட்செல்ல வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் இது தொடர்பான சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. இவ்வளவும் வந்தபிறகும் எத்தனை கந்தோர்களின் வாசலில், எத்தனை பஸ்களின் மிதிபலகையில் நமது மக்கள் தடுமாறி நிற்கின்றார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள். சட்டம் கடதாசியில் இருக்கின்றது. கயிறு இன்னும் கட்டப்படவில்லை. அதைக் கட்டுவதற்கு மனம் வேண்டும். அந்த மனத்தைத் தரவேண்டியது கோயில். ஆகவே ஊரில் முதலாவது கயிறு கோயிலிலேதான் கட்டப்படவேண்டும்.

பரிபாலன சபையாரிடமும் உபயகாரர்களிடமும் அடியேனின் விண்ணப்பம் ஒன்றுதான். தண்டியடிகள் நாயனாரின் குருபூசை பங்குனிச் சதயத்தில் வருகின்றது. அந்த நாளிலே தெற்கு வாசலில் அந்தப் பதினெட்டு அடிப் பாதைக்கு முதற்கல்லை வைப்போம். அடுத்த கொடியேற்றத்துக்கு முன்பு முடிப்போம். கட்டுவதற்கு முன்பு அந்தப் பெண்ணையும், வானொலி திருத்தும் அந்தப் பெரியவரையும், ஊரிலே கோலூன்றி நடப்பவர்களையும் கூப்பிட்டு, எங்கே எப்படி அமையவேண்டும் என்று கேட்டே கட்டுவோம். தம் கயிற்றுக்கு எங்கே தறி நடவேண்டும் என்று தண்டியடிகளுக்குத்தான் தெரியும். என்னுடைய ஓய்வூதியத்தில் ஒரு மாதப் பணத்தை இதற்கு முதல் உபயமாகச் சபையாரிடம் இப்பொழுதே ஒப்படைக்கின்றேன். இது தானம் அல்ல. 1981ஆம் ஆண்டிலிருந்து நான் வைத்திருக்கும் கடன்.

அடுத்த வருடம் இதே ஆறாந் திருவிழாவில், வசந்த மண்டபப் பூசையின்போது, அந்தப் பெண் எவரும் தூக்காமல், எவரும் திரும்பிப் பார்க்காமல், நம்மோடு ஒருத்தியாக முன்வரிசையில் இருந்து ஏகதந்தப் பெருமானைக் கும்பிடவேண்டும். அவளுடைய நெற்றியில் தீபத்தின் வெளிச்சம் படவேண்டும். அதைக் காணும் பாக்கியத்தை எல்லாம் வல்ல பிள்ளையார் நம் எல்லோருக்கும் தந்தருளுவாராக.

சுபம்.